ஆகாயத்தில் வேடிக்கை, இயந்திரம் யாருடையது?

பெங்களூருக்கு வடக்கே எலஹங்கா என்னுமிடத்தில் நமது விமானப் படையின் தளம் ஒன்று இருக்கிறது. 1996-ம் வருஷம் டிசம்பர் மாதம் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அங்கே சர்வதேச விமானக் காட்சி ஒன்று நடந்து வருகிறது. ‘ஏரோ இந்தியா’ என்று அதற்குப் பெயர். இங்கிலீஷில் பெயர் வைத்தால்தான் அன்னிய வியாபாரிகள் வருவார்கள் என்று எண்ணினார்கள் போலும்! பெயர் கிடக்கட்டும். 2025-ம் வருஷம் பிப்ரவரி 10 முதல் 14 வரை நடந்தது பதினைந்தாவது காட்சி. அமெரிக்காவின் எப்-35 விமானமும் ருஷ்யாவின் சு-57 விமானமும், உலகத்தில் வேறெங்கும் ஒன்றை ஒன்று முறைத்துக் கொண்டிருப்பவை, எலஹங்காவில் ஒரே ஆகாயத்தின் கீழ் வந்து நின்றன. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே. இந்தியாவின் பணப்பையை எந்தக் கை திறக்கும் என்பதே அங்கே போட்டி.

இந்தக் காட்சி நமது மத்தூருக்கும் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் தூரத்து விஷயமல்ல. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். எல்லைக்கு இப்பால் லேத்திலும் வார்ப்பட வேலையிலும் கைதேர்ந்த ஆயிரக்கணக்கான வாலிபர்கள் இருக்கிறார்கள். எலஹங்காவில் பறப்பதை அண்ணாந்து பார்ப்பதோடு அவர்களுடைய பங்கு முடிந்து விடுகிறதா என்ற கேள்வி நமக்கு எழுகிறது. அதற்குப் பதில் காண வேண்டுமானால், காட்சியின் சரித்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

விமானக் காட்சி என்பது ஐரோப்பாவில் பிறந்த வழக்கம். 1909-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பிரான்ஸ் தேசத்து ரைம்ஸ் நகரில் ஒரு வார காலம் பறக்கும் போட்டி நடந்தது. அதே வருஷம் செப்டம்பரில் பாரிஸ் நகரத்துக் கண்காட்சி மண்டபத்தில் விமானங்களை வரிசையாக வைத்து விலை பேசினார்கள். இன்றளவும் பேர் பெற்று விளங்கும் பாரிஸ் காட்சிக்கு அதுவே மூலம். இங்கிலாந்தில் 1948-ம் வருஷம் முதல் பார்ன்பரோவில் காட்சி நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பார்ன்பரோவில் ஆதியில் பிரிட்டிஷ் விமானங்களுக்கு மட்டுமே இடம். பிற்பாடு விதியைத் தளர்த்திய போதும், பிரிட்டிஷ் இயந்திரம் பொருத்திய அன்னிய விமானமே உள்ளே வரலாம் என்றார்கள். வெள்ளைக்காரன் எதைத் தன் சொத்தாக மதித்தான் பாருங்கள்! உடல் யாருடையதாயினும் இயந்திரம் தன்னுடையதாயின், விமானமும் தன்னுடையதே என்று கருதினான். வியாபாரம் தெரிந்தவன் கணக்கு அது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக் கொண்டே எலஹங்காவுக்குள் நாம் நுழைய விரும்புகிறோம்.

நமது தேசத்தார் விமானத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1910-ம் வருஷத்திலேயே சென்னைத் தீவுத் திடலில் டி ஏஞ்சலிஸ் என்ற ஹோட்டல்காரர், சிம்ப்ஸன் கம்பெனியின் தொழிற்சாலையில் செய்த விமானத்தை ஜனங்கள் பார்க்கப் பறக்கவிட்டார். பார்க்க வந்தவர்களிடம் கட்டணமும் வசூலித்தார். அவர் ஐரோப்பியர்தான், ஆனால் விமானத்தைக் கட்டிய இடம் சென்னைப் பட்டணம். தென்னாட்டின் முதல் விமானக் காட்சி என்று அதைச் சொல்வதில் பிழையிராது.

அதற்கு முப்பது வருஷங்களுக்குப் பின் வால்சந்த் ஹீராசந்த் என்ற பெருவணிகர், மைசூர் சமஸ்தானத்தின் திவான் மிர்ஸா இஸ்மாயிலின் ஆதரவோடு, 1940-ம் வருஷம் டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனியை நிறுவினார். கப்பல், மோட்டார், விமானம் ஆகிய மூன்றையும் இந்தியர் தங்கள் கையால் செய்ய வேண்டுமென்பது அவருடைய சங்கல்பம். யுத்தம் நடந்து கொண்டிருந்த படியால் பிரிட்டிஷ் சர்க்கார் சம்மதித்தது. அதே யுத்தத்தைச் சாக்கிட்டு 1942-ல் அவருடைய பங்குகளைத் தானே எடுத்துக் கொண்டது. 1943-ல் தொழிற்சாலையை அமெரிக்க விமானப் படையின் பழுது பார்க்கும் வேலைக்கு விட்டது. விமானம் கட்டப் பிறந்த ஸ்தாபனம் அன்னியருடைய விமானங்களுக்கு ஒட்டுப் போடும் பட்டறையாயிற்று.

தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906-ல் ஆரம்பித்தபோது அவரிடம் கப்பல் கட்டும் துறை இல்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பல்களை விலைக்கு வாங்கியே ஓட்டினார். அதைக் குறை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அன்று சொந்தமாக்கிக் கொள்வதே ஒரு யுத்தம். ஆனால் சுயராஜ்யம் கிடைத்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் வாங்கி ஓட்டும் நிலையிலேயே ஒரு தேசம் நின்று விட்டால், அதைப் பற்றி அவசியம் விசாரிக்கத்தான் வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் நாம் சும்மா இருந்து விடவில்லை என்பதும் வாஸ்தவம். டாக்டர் கட்கே என்ற விஞ்ஞானி வரைந்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பறந்தது. நமது படையின் எத்தனையோ விமானிகள் அதில்தான் பறக்கக் கற்றார்கள். அதன் இயந்திரம் பிரிட்டிஷ் இயந்திரம். அடுத்து ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க்கை வரவழைத்து, மாருத் என்னும் ஜெட் யுத்த விமானத்தைக் கட்டினோம். அது 1961-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி பறந்தது. ஆசியாவில் வேறு பல தேசங்கள் கனவிலும் எண்ணாத காரியம்! ஒலியை மிஞ்சிய வேகத்துக்கென்று வரைந்த விமானம் அது. அதற்குத் தகுந்த வலிய இயந்திரத்தைச் செய்து முடிக்கப் பிரிட்டிஷ் கம்பெனி நம்மிடம் பணம் கேட்டது. நமது சர்க்கார் கொடுக்க மறுத்தது. வலிமை குறைந்த இயந்திரங்கள் இரண்டைப் பொருத்திப் பறக்க விட்டார்கள். 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் போர்முனையில் மாருத் நன்றாகவே உழைத்தது. எனினும் உத்தேசித்த வேகத்தை அது ஒரு நாளும் எட்டவில்லை. 147 விமானங்களோடு அந்த வம்சம் முடிந்தது. நல்ல காளையை வாங்கி, பாதித் தீனி போட்டு, பாரம் இழுக்கவில்லை என்று விற்று விட்டவன் கதைதான் இது.

இந்தப் பின்னணியில்தான் 1996-ல் முதல் காட்சி நடந்தது. பிரதம மந்திரி கர்நாடகத்துத் தேவ கௌடா. ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தலைவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். இலகுரக யுத்த விமானம் ஒன்றை நாமே கட்டுவதென்று 1983-ல் தீர்மானித்து, 1995 நவம்பரில் முதல் மாதிரியைத் தொழிற்சாலைக்கு வெளியே இழுத்து வந்து காட்டியிருந்தோம். அது இன்னும் பறக்கவில்லை. காட்சி திறப்பதற்குச் சில தினங்களுக்கு முன்பு, நவம்பர் 30-ந் தேதி, ருஷ்யாவிடமிருந்து சுகாய்-30 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கடை திறக்கு முன்பே முதல் போணி ஆகிவிட்டது!

இரண்டாவது காட்சி 1998 டிசம்பரில். அவ்வருஷம் மே மாதம் போக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதற்காக அமெரிக்கா நம்மீது தடை விதித்திருந்தது. இலகுரக விமானத்தின் கட்டுப்பாட்டு முறைக்காக அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் வேலை செய்து கொண்டிருந்த நமது என்ஜினீயர்களை வெளியே போகச் சொன்னார்கள். அவர்கள் பெங்களூர் திரும்பி, அந்த வேலையைத் தாங்களே செய்து முடித்தார்கள். 2001-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி விமானம் பறந்தது. அடுத்த மாதமே மூன்றாவது காட்சி. இந்த முப்பது வருஷக் கதையில் நமது மனத்துக்கு மிகவும் நிறைவு தரும் அத்தியாயம் இதுதான். கதவை அடைத்தவர்களுக்கு ஒரு வகையில் நாம் நன்றி சொல்ல வேண்டும். தேஜஸ் என்ற பெயரை 2003-ல் வாஜ்பாய் சூட்டினார். ஆனால் பறந்த அந்த விமானத்துக்குள் இருந்த இயந்திரம்? அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியுடையது.

தடை நீங்கிய பிறகு காட்சி பெருத்தது. அதன் உச்சம் 2011. நமது விமானப் படைக்கு 126 யுத்த விமானங்கள் வேண்டுமென்று சர்க்கார் அறிவித்திருந்தது. அமெரிக்காவின் எப்-16, எப்-18, ஐரோப்பியரின் யூரோபைட்டர், பிரான்ஸின் ரபேல், ஸ்வீடனின் கிரிப்பன் எல்லாம் சுயம்வர மண்டபத்துக்கு வந்த ராஜகுமாரர்களைப் போல் எலஹங்காவில் வட்டமிட்டன. 2012 ஜனவரியில் ரபேலுக்கு மாலை விழுந்தது. 126-ல் பெரும் பகுதியை இந்தியாவிலேயே கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பேரம் படியவில்லை. 2015-ல் அத்திட்டத்தைக் கைவிட்டு, 2016-ல் சுமார் 59,000 கோடி ரூபாய்க்கு 36 விமானங்களைத் தயாராகக் கட்டிய நிலையில் வாங்கினோம். நமது மண்ணில் ஒன்றும் கட்டவில்லை.

அதே 2011 காட்சியில் இன்னொன்றும் நடந்தது. நமது படையின் சூரியகிரண் சாகசக் குழு, பெங்களூரில் செய்த கிரண் என்னும் பயிற்சி விமானங்களில் பறந்து வந்தது. அக்காட்சியோடு குழுவை நிறுத்தி வைத்தார்கள். காரணம், படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பறக்கக் கற்பிக்கப் போதிய விமானமில்லை. குழுவின் விமானங்களை அதற்கு எடுத்துக் கொண்டார்கள். ஒரு புறம் 126 விமானத்துக்கு உலகத்தையே அழைத்து விருந்து. மறுபுறம் பிள்ளைகள் ஏறிப் பழக விமானம் இல்லை. பத்திரிகைகளில் முதல் செய்தி எவ்வளவு இடம் பிடித்தது, இரண்டாவது எவ்வளவு இடம் பிடித்தது என்பதை நேயர்கள் நினைவுபடுத்திப் பார்க்கலாம்.

விபத்துகளையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2007-ல் ஒத்திகையின்போது துருவ் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து விமானி ஒருவர் மாண்டார். 2019 பிப்ரவரி 19-ந் தேதி, காட்சிக்கு முதல் நாள், மீண்டும் அமைக்கப்பட்ட சூரியகிரண் குழுவின் இரு ஹாக் விமானங்கள் மோதி இன்னொரு விமானி உயிர் துறந்தார். நான்கு நாள் கழித்து வாகன நிறுத்துமிடத்தில் தீப்பிடித்துச் சுமார் 300 கார்கள் சாம்பலாயின. 2025 நவம்பரில் துபாய் காட்சியில் நமது தேஜஸ் விழுந்து அதன் விமானி இறந்தார். 1952-ல் பார்ன்பரோவில் விமானம் சிதறி ஜனக் கூட்டத்தில் விழுந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்களிலேயே 29 பேர் மாண்டனர். கைதட்டும் கூட்டத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் இவ்விளையாட்டை வியாபாரத்தின் அலங்காரமாக எவ்வளவு தூரம் நீட்டிக்கலாம் என்று யோசிப்பது நல்லது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் பெரிய தொகை ஒன்றை வெளியிடுவார்கள். 2023-ல் அந்தத் தொகை சுமார் 80,000 கோடி ரூபாய். அதில் பெரும் பகுதி புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். எதைப் புரிந்து கொண்டார்கள், எப்போது செய்வார்கள் என்பதை அடுத்த காட்சியில் யாரும் கேட்பதில்லை. ஏட்டுச் சுரைக்காயை மந்திரிகள் மேடையில் அரிந்து காட்டுகிறார்கள்.

கையெழுத்தான உண்மை ஒப்பந்தமும் உண்டு. 2021 பிப்ரவரி 3-ந் தேதி எலஹங்காவிலேயே, 83 தேஜஸ் விமானங்களுக்காகச் சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு ஹிந்துஸ்தான் நிறுவனத்துடன் சர்க்கார் ஒப்பந்தம் செய்தது. நமது தேசம் தன் தொழிற்சாலைக்கே கொடுத்த அந்தப் பெரிய வேலையை நாம் மனமார வரவேற்றோம். 2024-ல் விமானங்கள் வரத் தொடங்க வேண்டும். வரவில்லை. 2025 காட்சியில் விமானப் படைத் தளபதியே, தமக்கு நம்பிக்கை உண்டாகவில்லை என்று அந்த நிறுவனத்தாரிடம் நேரில் சொன்னதை ஊர் முழுவதும் கேட்டது. தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. முக்கியமான ஒன்று, அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய இயந்திரம் வரவில்லை. அவ்வகையின் முதல் இயந்திரம் 2025 மார்ச்சில்தான் கை மாறியது. இதற்கிடையில் அறுபது வருஷம் உழைத்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26-ந் தேதி விடை பெற்றன. 42 படைப்பிரிவுகள் வேண்டுமென்று விதித்த விமானப் படை 29 பிரிவுகளோடு நின்றது. இயந்திரம் வராததன் விலை இதுதான். கோலார் வழியாகவோ கொச்சி வழியாகவோ போய் வாங்கி வரும் சாமான் அல்ல அது.

போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன் கொம்பின் வர்ணத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். விமானத்தின் பல் அதன் இயந்திரம். அதை ஏன் நம்மால் எளிதில் செய்ய முடியவில்லை? ஜெட் இயந்திரத்தின் உள்ளே சுழலும் இறக்கைத் தகடுகளின்மீது மோதும் வாயுவின் உஷ்ணம், அந்த உலோகம் உருகும் உஷ்ணத்தையும் மிஞ்சியது. தகட்டுக்குள்ளே மயிரிழை போன்ற துவாரங்கள் இட்டுக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். தகடு முழுவதையும் ஒரே பளிங்காக, பொருத்து இல்லாமல், வார்க்கிறார்கள். இந்த வித்தையை முழுமையாகக் கைக்கொண்ட தேசங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணி விடலாம். அவை விமானத்தை விற்கும், இயந்திரத்தையும் விற்கும், வரைபடத்தைக் கொடுத்து நம் தொழிற்சாலையில் செய்து கொள்ளவும் விடும். ஒரிஸ்ஸாவின் கோராபுட்டில் சுகாய் விமானத்துக்கான இயந்திரங்களை அவ்வாறே செய்கிறோம். ஏன் அந்த அளவு, ஏன் அந்த உலோகம் என்ற காரணத்தை மட்டும் சொல்லித் தர மாட்டார்கள். லக்ஷ்யா என்னும் ஆளில்லாக் குறி விமானத்துக்குச் சிறு ஜெட் இயந்திரத்தை நாமே வரைந்து செய்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே புத்திக் குறைவு காரணமல்ல.

தேஜஸுக்கென்று 1989-ல் காவேரி என்னும் இயந்திரத்தை வரைய அனுமதி கொடுத்தார்கள். ஒதுக்கிய பணம் சுமார் 383 கோடி ரூபாய். பிற்பாடு அது 2,839 கோடியாக வளர்ந்ததென்று தணிக்கை அதிகாரி குறை கூறினார். 2008-ல் தேஜஸிலிருந்து காவேரியைப் பிரித்து விட்டார்கள். உயரத்தில் அது எப்படி வேலை செய்கிறதென்று சோதிக்க நம்மிடம் வசதி இல்லாமையால், ருஷ்யாவுக்கு எடுத்துச் சென்று அவர்களுடைய விமானத்தில் பொருத்தி 2010-ல் பறக்க விட்டுப் பார்த்தோம். 2,839 கோடி அதிகம்தான். 36 ரபேலுக்குக் கொடுத்த 59,000 கோடியின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. தணிக்கை அதிகாரியின் பேனாவுக்கு வாங்குவதைவிடக் கற்பதே பெரிய செலவாகத் தெரிகிறது! 2023 ஜூனில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் இன்னொரு இயந்திரத்தை இந்தியாவில் செய்வதாக ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் அதன் பெயர் காவேரி அல்ல.

காவேரி என்னும் நதிக்காகக் கர்நாடகமும் தமிழ்நாடும் கோர்ட்டில் நின்ற வருஷங்களை நேயர்கள் அறிவார்கள். காவேரி என்னும் இயந்திரத்துக்காக இரண்டு ராஜ்யங்களில் ஒன்றும் ஒரு வார்த்தை வாதாடியதாக நாம் அறியோம். ஆனால் காட்சிக்காக வாதாடுவார்கள்! 2018-ல் எலஹங்காக் காட்சியை லக்னோவுக்கு மாற்றப் போவதாகப் பேச்சு எழுந்தவுடன் கர்நாடகத்தில் கட்சி பேதமின்றிக் கூக்குரல் கிளம்பியது. காட்சி பெங்களூரிலேயே நின்றது. அதே 2018 ஏப்ரலில் சென்னைக்கு அடுத்த திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் காட்சி நடந்தது. பிரதமர் மோடி வந்தார். காவேரித் தண்ணீருக்காகக் கறுப்புக் கொடி காட்டினோம். கொடி நியாயமானதே. உள்ளே நடந்த வியாபாரத்தை யார் கவனித்தார்கள்?

நமது ஜில்லாவுக்கு வருவோம். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் 1990-களிலேயே தனேஜா என்னும் தனியார் கம்பெனி சொந்த ஓடுபாதை அமைத்து, இத்தாலிய வகையைச் சேர்ந்த ஆறு பேர் அமரும் சிறு விமானத்தைக் கட்டியது. தேசிய விமான ஆராய்ச்சிச் சாலை வரைந்த ஹன்ஸா என்னும் பயிற்சி விமானங்களையும் அங்கே செய்தார்கள். தனியார் கையால் இந்தியாவில் விமானம் கட்டிய முன்னோடிகளில் நமது ஓசூரும் ஒன்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2019 ஜனவரியில் திருச்சியில் அறிவித்த ராணுவத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூருக்கும் இடம் கிடைத்தது. போச்சம்பள்ளிச் சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர்கள் செய்யும் பெரிய ஆலை எழுந்தது. வசதியும் கைத்திறனும் இங்கே இருக்கின்றன. வழித்தடம் என்று பெயரிட்டு விட்டால் போதாது; அவ்வழியே என்ன போகிறது என்பதே கேள்வி. திருகாணியும் உறையும் செய்து கொடுத்துக் கூலி வாங்குவதோடு நின்றால், பெங்களூரின் பட்டறையாக நாம் இருப்போமே தவிர வேறில்லை.

2024 ஜூன் 27-ந் தேதி சட்டசபையில் முதல் மந்திரி ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் வருஷத்துக்கு மூன்று கோடிப் பிரயாணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைப்பதாக அறிவித்தார். பெங்களூர் விமான நிலையக் கம்பெனியுடன் மத்திய சர்க்கார் செய்து கொண்ட பழைய ஒப்பந்தத்தில், 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புது நிலையம் அமைக்கலாகாதென்ற நிபந்தனை இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சும் கடிதமும் நடந்தன. நிலையம் வரட்டும், நாமும் ஆதரிக்கிறோம். பிரயாணிகள் ஏறி இறங்க 2,000 ஏக்கர் தேட முடிந்த சர்க்கார், ஜெட் இயந்திரங்களைச் சோதிக்கும் சாலை ஒன்றுக்கும், இறக்கைத் தகடு வார்க்கக் கற்பிக்கும் பள்ளி ஒன்றுக்கும் இதே ஜில்லாவில் நிலம் தேடி, ருஷ்யாவுக்கு எடுத்துச் சென்ற வேலையை இங்கேயே செய்யலாம் வாருங்கள் என்று டில்லியிடம் கேட்கட்டும். நமது சட்டசபை அங்கத்தினர்கள் அதை இந்தக் கூட்டத் தொடரிலேயே பிரஸ்தாபிக்கலாம். சோதனைச் சாலைக்கு 150 கிலோமீட்டர் நிபந்தனை எதுவும் கிடையாது.